முதலில் அருவி, பிறகு அறை: கொல்லிமலையில் தங்கத் திட்டமிடுதல்

பயணம் போக நினைப்பவர்கள் முதலில் காலண்டரில் விடுமுறையைத் தேடுகிறார்கள். அதற்குள் அடங்கும் ஊரை முடிவு செய்து, ரூம் கிடைக்கிறதா என்று போன் போட்டுக் கேட்கிறார்கள். அங்கே போய் எதை எப்போது பார்ப்பது என்பது பெரும்பாலும் வண்டியில் ஏறிய பிறகுதான் பேச்சில் வருகிறது. ஏரியையும் பூங்காவையும் பார்க்கப் போகும் ஊர்களுக்கு இந்த வரிசை பெரிய கெடுதல் செய்யாது. அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து கொல்லிமலைக்குப் போய்த் தங்க விரும்புகிறவர்களுக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆகாய கங்கை அருவியில் எந்த மாதம், எந்த வேளையில் தலை நனைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கே தங்குவது, எத்தனை இரவு தங்குவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. மலை மேலேயே தங்குங்கள், இரண்டு இரவு தங்குங்கள் என்பது என் விடை. செலவு கூடும் என்பதால் இதை எளிதில் யாரும் ஏற்கமாட்டார்கள். ஆகவே காரணங்களை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிப்பதற்கென்றே பெயர் பெற்ற ஊர்கள் உலகமெங்கும் உண்டு. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரின் பெயரே குளியல்தான். ரோமானியர்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே குளியல் கூடமும் கோயிலும் கட்டினார்கள். பூமிக்கு அடியிலிருந்து சுமார் 46 டிகிரி சூட்டில் வரும் ஊற்று நீர், நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல் இன்றும் பொங்கிக்கொண்டிருக்கிறது. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்து நிலத்துக்குள் இறங்கிய மழை என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். அதனால் இந்த ஆண்டு மழை பொய்த்தாலும் ஊற்று பொய்க்காது. ஜனவரியில் போனாலும் ஜூலையில் போனாலும் ஒரே சூடு, ஒரே அளவு. அப்படிப்பட்ட ஊருக்குப் போகிறவர் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பண்ணை விடுதியைப் பிடித்துக்கொண்டு, தோன்றிய நாளில் நகரத்துக்குள் வந்து குளித்துவிட்டுத் திரும்பலாம். நீர் அவருக்காகக் காத்திருக்கும். ஐரோப்பியப் பயண நூல்கள் தங்கும் இடத்தை முதலில் வைத்து மற்றதைப் பின்னால் சொல்வதற்கு இப்படி ஒரு நியாயம் உண்டு. அந்த முறையை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால்தான் தவறு நேர்கிறது, ஏனென்றால் நம் குளியல் ஊர்கள் எதிலும் நீர் காத்திருப்பதில்லை.

நம் பக்கத்தில் ஒவ்வொரு நீருக்கும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. குற்றாலம் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும்போதுதான் அதைச் சீசன் என்கிறோம். ஒகேனக்கல்லில் பாறையில் உட்கார்ந்து எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் நிற்கும் வழக்கம் சேலம், தருமபுரி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அங்கே வரும் காவிரி நீரோ கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் எவ்வளவு திறந்துவிடுகின்றன என்பதைப் பொறுத்தது. உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போடுவார்கள். கொல்லிமலை இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. மேலே அணை கிடையாது, தொலைதூர மலைத்தொடர் எதிலிருந்தும் தண்ணீர் வருவதில்லை. தன் தலையில் விழும் மழையைத் தானே சேர்த்துவைத்து, ஐயாறு என்ற ஒரு சிற்றாற்றின் வழியே மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. மழை கொட்டும் அன்று ஐயாறு சேறாக, கட்டுக்கடங்காமல் வரும். மழை ஓய்ந்து சில நாள் கழித்துத் தெளியும். கோடையில் மெலிந்து நூலாகும். இந்த ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் ரூம் போடுகிறவர், அருவியின் ஓசையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப நேரலாம், அல்லது பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம்.

மலையின் அமைப்பு இதற்கு முக்கியம் என்பதால் அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த மேட்டுநிலம் கொல்லிமலை. கீழே நாமக்கல் 200 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. இந்த உயர வேறுபாடே ஆறேழு டிகிரி வெப்பத்தைக் குறைத்துவிடுகிறது. மேலே போனால் ஒரு கூரான சிகரம் இராது. வயலும் தோப்பும் ஊரும் பரவிய ஒரு நாடே இருக்கும். மலைவாழ் மக்களான மலையாளிகள் தங்கள் ஊர்த் தொகுதிகளை நாடு என்றே அழைக்கிறார்கள்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று பதினான்கு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடியிருக்கிறார். மலை மேலுள்ள செம்மேட்டில் அவனுக்குச் சிலை நிற்கிறது. வளப்பூர் நாட்டில் ஐயாற்றங்கரையில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. தேவாரத்தில் பெயர் வரும் அறப்பள்ளி இதுதான். பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் இந்த இறைவனை முன்னிறுத்தி ஒரு சதகமே பாடினார். கோயிலைத் தாண்டிய ஐயாறு சிறிது தூரத்தில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதற்குத்தான் ஆகாய கங்கை என்று பெயர். கோயில், ஆறு, அருவி மூன்றும் ஒரே நடையில் அடங்குவதால், இங்கே நீராடலும் வழிபாடும் நெடுங்காலமாக ஒன்றாகவே நடந்து வருகின்றன. குளியலுக்கென்று ஒரு வரலாறு உள்ள இடம் நம் சமவெளிக்கு அருகில் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மாதக் கணக்குக்கு வருவோம். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளி கொதிக்கும்போது மலைக்கு ஓடத் தோன்றுவது இயல்பு. குளிருக்காக, பலாப்பழத்துக்காகப் போவதானால் போகலாம், அருவியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆகஸ்டு தொடங்கி மழை வலுக்கிறது. ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்டு முதல் வாரத்தில், அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. ஆடிப்பெருக்குக் கூட்டமும் அதோடு சேர்ந்துகொள்ளும். விழாவையும் மலைமக்களின் கலைகளையும் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை, அமைதியாகக் குளிக்க அதைவிட மோசமான நாளும் இல்லை. அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழையின் நடுக்கூறு. அருவி உச்சத்தில் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் கனமழை பெய்தால் வனத்துறை படிக்கட்டை மூடிவிடும், மலைப்பாதையில் மண் சரியும் ஆபத்தும் உண்டு. எனவே என் பரிந்துரை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய, பொங்கல் விடுமுறையை விட்டுவிட்டு, வாரநாட்களில். மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஊறிய நீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும், ஆறு தெளிந்திருக்கும். காலையில் பனியும் குளிரும் கடுமையாக இருக்கும் என்பதுதான் இதற்குள்ள குறை. அது தாங்காது என்பவர்களுக்கு செப்டம்பர் இரண்டாவது வாய்ப்பு. மாலையில் இடி மழை வரலாம், காலை வேளை பெரும்பாலும் வெறித்திருக்கும்.

மாதத்தைவிட முக்கியமானது வேளை. பயணிகளில் பெரும்பாலோர் தவறவிடுவதும் இதைத்தான். ஆகாய கங்கைக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பழனிமலைப் படி எழுநூறுக்குள் முடிந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். ஐம்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரைக்கு இறங்குவதற்குச் சமம். பழனியிலும் திருச்செங்கோட்டிலும் ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு. உடம்பு தெம்பாக இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிட்டு, தரிசனம் செய்த நிறைவோடு சுலபமாக இறங்கிவிடுகிறோம். இங்கே எல்லாம் தலைகீழ். சுலபமான இறக்கம் முதலில் வந்து, நம்மை ஏமாற்றிக் கீழே கொண்டுபோய் விடுகிறது. குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் நின்று கைகால் சோர்ந்து, ஈரத் துணியோடு, பசியோடு நிற்கும்போதுதான் ஏற்றம் தொடங்குகிறது. படிகள் ஒரே அளவில் இருப்பதில்லை, பல இடங்களில் செங்குத்தாக இருக்கின்றன. இறங்க முக்கால் மணி, குளிக்க ஒரு மணி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஒன்றரை மணி என்று சராசரி உடல்நிலை உள்ளவருக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வெயில் ஏறுவதற்குள் இந்த ஏற்றத்தை முடித்துவிடுகிறவர்களுக்கு அது ஒரு நல்ல உடற்பயிற்சி. நடுப்பகலில் ஏறுகிறவர்களுக்கோ அன்றைய மீதி நாள் வீண். மேலும், பொழுது சாய்வதற்குள் அனைவரும் மேலே வந்துவிட வேண்டும் என்பதால் பிற்பகலில் புதிதாக யாரையும் கீழே விடமாட்டார்கள். ஆக, ஆகாய கங்கைக்கு உரிய வேளை காலை. படிக்கட்டு திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொண்டு, திறந்தவுடன் இறங்குகிறவராக இருப்பதே சரியான திட்டம்.

இதை வைத்து ஒரு நாள் பயணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். "காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாமே, எதற்கு ரூம்?" என்று சேலத்திலும் நாமக்கல்லிலும் கேட்காதவர்கள் இல்லை. சேலத்திலிருந்து விடியற்காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும், வழியில் டிபன் சாப்பிட்டு, காரவள்ளி அடிவாரத்தை அடைந்து, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சோளக்காடு, செம்மேடு தாண்டிக் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிடும். வளைவுகளில் குழந்தைகளுக்கு வாந்தி வந்தால் இன்னும் தாமதம். சாமி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கத் தொடங்குவது பத்தரை, பதினொன்று. மேலே ஏறி வருவது இரண்டுக்கு மேல், அதுவும் உச்சி வெயிலில். சாப்பிட்டு எழுந்தால் மூன்றரை. நடுங்கும் கால்களோடு கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு அதே 70 வளைவுகளை இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். ஒரே நாளில் 140 வளைவு, ஆயிரம் படி இறக்கம், ஆயிரம் படி ஏற்றம். இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் இதைச் செய்துகாட்டுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. உடம்பு முறுக்கு ஆறி, மனம் அமைதியடைவதற்காகத்தானே அருவிக்குப் போகிறோம்? முன்னைவிடக் களைத்துத் திரும்பும் பயணத்துக்கு அருவிப் பயணம் என்ற பெயர் பொருந்தாது. வண்டி ஓட்டுகிறவரின் களைப்பு மற்றவர்களின் பாதுகாப்பைத் தொடும் விஷயம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு நாள் பயணத்துக்கு ஆதரவாகச் சொல்ல அதிகம் மிஞ்சாது.

சரி, ஓர் இரவு போதாதா? இதுதான் வலுவான எதிர்வாதம், ஏனென்றால் ஓர் இரவு தங்கினால் காலை வேளை கையில் கிடைத்துவிடுகிறது. இங்கே விடுதிகளின் நடைமுறை குறுக்கே வருகிறது. பல விடுதிகளில் காலை பதினொன்று அல்லது பன்னிரண்டு மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் படிக்கட்டின் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கிளம்பும் முன்பே மூட்டை முடிச்சைக் கட்டி வண்டியில் வைத்துவிட்டு, குளித்த ஈரத்தோடு நேராக மலையிறங்க வேண்டியதுதான். குளித்த பிறகு உடம்பைக் கிடத்தி ஒரு தூக்கம் போடுவதில்தான் அருவிக் குளியலின் முழுப்பயன் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் வெயிலில் அலையாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் ஓய்வுக்காகவே. ஓர் இரவுத் திட்டத்தில் அந்த ஓய்வுக்கு இடமே கிடையாது. இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. ஓர் இரவு தங்குகிறவருக்கு ஒரே ஒரு காலை. முந்தின இரவு மலையில் எங்கோ கனமழை பெய்து படிக்கட்டை மூடிவிட்டால் வந்த காரியம் கெட்டது. இரண்டு இரவு தங்குகிறவருக்கு இரண்டு காலை. முதல் காலை தவறினால் மறுநாள் இருக்கிறது. முதல் காலையே குளித்துவிட்டால், பகல் முழுக்க ஓய்வு, மாலையில் சேலூர் பக்கத்துக் காட்சி முனையோ வாசலூர்பட்டி படகு இல்லமோ, அடுத்த நாள் நிதானமாக இறக்கம். மழையைச் சார்ந்த நீருக்குப் போகிறவர் ஒரு நாளை இருப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது இரவுக்குக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

செலவைக் குறைக்க நாமக்கல் ஊருக்குள் லாட்ஜ் எடுத்துத் தங்கி, அங்கிருந்து காலையில் மலையேறலாம் என்று சிலர் சொல்வார்கள். நாமக்கல்லில் தங்குவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலைக்கோட்டை, குடைவரை நரசிம்மர், நாமகிரித் தாயார், கூரையில்லாமல் வானத்தின் கீழ் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர் எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு, 2013இல் திறந்த சேலம்–கரூர் பாதையில் நாமக்கல் நிலையமும் இருக்கிறது. வந்து சேரும்போது மாலை நேரமாகிவிட்டால் இருட்டில் மலையேறாமல் இங்கே தங்கிவிடுவதே அறிவு. ஆனால் குளிக்கும் நாளுக்கு முந்தின இரவை நாமக்கல்லில் கழித்தால், மறுபடி வளைவுகள் ஏறி, பத்து மணிக்குக் கோயில் என்ற பழைய கணக்குக்கே வந்து நிற்போம். மிச்சமாகும் ரூம் வாடகையைப் பெட்ரோலும் களைப்பும் தின்றுவிடும். ஏற்காட்டில் தங்கலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். சேலத்திலிருந்து 20 வளைவுகளில் போய்விடலாம், ஏரி உண்டு, எல்லா விலையிலும் விடுதி உண்டு. காற்று வாங்கப் போகிறவர்களுக்கு ஏற்காடு சிறந்தது. கோயிலோடும் ஆற்றோடும் பிணைந்த குளியல் அங்கே கிடையாது.

மலை மேல் தங்குவது என்று முடிவானால் எந்தப் பகுதியில்? வளைவுகள் முடிந்து மேட்டைத் தொடும் இடம் சோளக்காடு. சந்தை அங்கேதான் கூடுகிறது. செம்மேடு தாலுகா அலுவலகம் இருக்கும் ஊர். பஸ், கடை, மருத்துவமனை, வங்கி என்று எது வேண்டுமானாலும் அங்கே வர வேண்டும். அங்கிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்குக் குறையாத மலைச்சாலை. விடுதிகள் இந்த மூன்று புள்ளிகளை ஒட்டியும், இடையிலுள்ள தோட்டங்களுக்குள்ளும் இருக்கின்றன. படிக்கட்டு திறந்தவுடன் இறங்க வேண்டும் என்பதே உங்கள் திட்டமானால், செம்மேட்டுக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வயதானவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் செம்மேட்டுக்கு அருகிலேயே இருந்துவிடுங்கள், இரவில் ஓர் அவசரம் என்றால் அதன் அருமை தெரியும். பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி, நீச்சல் குளம் என்று வரும் விளம்பரப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். போனில் பேசும்போது கேட்க வேண்டியவை வேறு. கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காமல் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். விடுதி வாசல் வரை கார் போகுமா, கடைசி ஒரு மைல் மண் பாதையா என்று கேளுங்கள். டிசம்பரானால் வெந்நீருக்கு என்ன ஏற்பாடு, எத்தனை கம்பளி தருவார்கள், மின்சாரம் போனால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மழையால் அருவி மூடினால் முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்பதைத் தெளிவாகக் கேட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் சொல்லும் பதிலுக்குத்தான் மதிப்பு.

ஆயிரம் படி என்றவுடன், முழங்கால் வலி உள்ள தாய் தந்தையரை விட்டுவிட்டா போவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி, அதற்கு மலையே பதில் வைத்திருக்கிறது. மாசிலா அருவியும், ‘நம் அருவி’ எனப்படும் அருவியும் ஆகாய கங்கையைப் போல உயரமானவை அல்ல. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இறங்கினால் போதும், பெரியவர்களும் சிறுவர்களும் பயமில்லாமல் நின்று குளிக்கலாம். குடும்பத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தைத்தான் விட வேண்டியிருக்கிறது. ஒரு காலை, இறங்க முடிந்தவர்கள் ஆகாய கங்கைக்குப் போகட்டும். மற்றவர்கள் கோயிலில் அறப்பளீசுவரரையும் ஆற்றுமீன்களையும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இன்னொரு பொழுது எல்லோரும் சேர்ந்து மாசிலா அருவியில் குளிக்கலாம். இரண்டு இரவு இருந்தால்தான் இந்தப் பிரிப்பும் நடக்கும் என்பதைக் கவனியுங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் படிக்கட்டைத் தவிர்ப்பதே நல்லது. ஏறும்போது மூச்சு முட்டினால் பாதியில் வண்டி வராது.

மூலிகைகள் கலந்து வரும் தண்ணீர், ஆகவே எல்லா நோயும் தீரும் என்று கடைகளிலும் காணொளிகளிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கொல்லிமலை மூலிகைகளுக்குப் பெயர் பெற்றது, சித்தர்கள் தங்கியதாகச் சொல்லப்படும் குகைகள் இருக்கின்றன, சித்த மருத்துவர்கள் இன்றும் இங்கே செடி தேடி வருகிறார்கள். இவற்றையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் கரையில் செடி முளைப்பதாலேயே ஓடுகிற ஆற்று நீர் மருந்தாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை அருவியை நம்பி நிறுத்துவது ஆபத்து. உயரத்திலிருந்து விழும் நீரின் எடை தோளையும் முதுகையும் பிசைந்துவிடுகிறது, குளிர்ச்சி களைப்பைப் போக்குகிறது, அன்றிரவு நல்ல உறக்கம் வருகிறது. அருவியைப் புகழ இவ்வளவே போதும். இல்லாத குணத்தை ஏற்றிச் சொன்னால், குணமாகாத நோயாளியின் ஏமாற்றம் கடைசியில் மலையின் பெயரைத்தான் கெடுக்கும்.

சாப்பாட்டை முன்கூட்டியே பேசிவிடுங்கள். சிறிய விடுதிகளில் ஆளைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். காலையில் சொன்னால்தான் மதியம் கிடைக்கும். புரோட்டாவும் பிரைடு ரைஸும் நாமக்கல்லிலேயே கிடைக்கின்றன, மலைக்கு வந்து அதைக் கேட்க வேண்டாம். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு செய்து தர முடியுமா என்று கேளுங்கள். ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளிதான் அதிகம். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கு அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறது. விருந்தாளி கேட்டுச் சாப்பிடும் ஒரு தட்டு சாமைச் சோறு அந்தப் பயிருக்கு மலையிலேயே ஒரு சந்தையைத் தருகிறது. படி ஏறி வந்த கால்களுக்கு முடவாட்டுக்கால் சூப் வாங்கிக் குடிக்கலாம். ஆட்டுக்கால் போன்ற ரோமம் படர்ந்த கிழங்கு அது, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துத் தருவார்கள்.

ஐயாற்றைப் பற்றி ஒரு வேண்டுகோளும் வைக்க வேண்டும். அருவிக்குக் கீழே அந்த ஆறு மறைந்துவிடுவதில்லை. காட்டுக்குள் ஓடி, திருச்சி மாவட்டத்தில் துறையூருக்கு அருகே புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. அங்கேயும் மக்கள் குளிக்கிறார்கள், அதற்குக் கீழே வயல்கள் இருக்கின்றன. மேலே, கோயில் முன்னால் அதே ஆற்றில் உள்ள மீன்களை இறைவனின் வடிவமாக எண்ணி மக்கள் பொரி போடுகிறார்கள். ஒரே நீரில் இங்கே பொரியும், அரைக் கிலோமீட்டர் தள்ளி ஷாம்பு பாக்கெட்டும் போடுவது சரியில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விட மனமில்லை என்றால் விடுதியிலேயே தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் குளித்து முடியுங்கள். அருவிக்கு வெறும் உடம்போடு போங்கள். விடுதியிடமும் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குச் சொல்ல அவர்கள் ஒரு பதிலைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பாதை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போய் 70 வளைவுகளில் ஏறுவது ஒன்று. சேலத்துக்காரர்கள் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வழியாக முள்ளுக்குறிச்சிக்குப் போய் ஏறுவது மற்றொன்று. இதில் வளைவுகள் குறைவு. மலைச்சாலையில் பழக்கம் இல்லாதவர்களும் வாந்தி வரும் குழந்தைகள் உள்ளவர்களும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம், புறப்படும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று மட்டும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கீழேயே டாங்கை நிரப்பிவிடுங்கள், கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் பல இடங்களில் இருக்காது என்பதால் வழியை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது நாமக்கல் லாரி டிரைவர்களின் பாடம். பிரேக்கை மிதித்துக்கொண்டே 70 வளைவு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கொடுங்கள். மூன்றாம் நாள் காலை பனி விலகிய பிறகு, எட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும். சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி வீட்டுக்கு மிளகும், மலை வாழைப்பழமும், பருவமானால் ஓர் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இறங்கினால், மதியச் சாப்பாட்டுக்கு நாமக்கல்லில் இருக்கலாம்.